வாஷிங் மெஷினுக்கு வைத்த காசில் வந்த பச்சைப் பெட்டி

வீடியோ கேமுக்கு இரண்டு விலை உண்டு என்பதே கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வெளிநாட்டில் ஒரு கேமைச் சாதாரண டப்பாவில் போட்டு ஒரு விலைக்கு விற்பார்கள். அதே கேமைப் பெரிய பெட்டியில் போட்டு, கூடவே ஒரு பொம்மை, ஒரு படப் புத்தகம், துணியில் அச்சடித்த ஒரு வரைபடம் என்று எதையாவது திணித்து இன்னொரு விலைக்கும் விற்பார்கள். இந்த இரண்டாவதற்குக் கலெக்டர்ஸ் எடிஷன் என்று பெயர். விளையாட்டு இரண்டிலும் ஒன்றேதான். கூடக் கொடுக்கிற காசு முழுவதும் பொம்மைக்கும் துணிக்கும்தான். இதை வாங்குகிற மனிதன் உலகத்தில் எங்கே இருப்பான் என்று நீங்கள் கேட்கலாம். கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில், என் வீட்டில், சாரம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கண்டியில் மூன்றாவது விலையும் ஒன்று இருந்தது. டவுனில் சிடி விற்கும் சின்னக் கடைகளில் எந்தக் கேமானாலும் நூற்றுச் சொச்சம் ரூபாய்க்குக் கொப்பி அடித்துக் கொடுப்பார்கள். என் வீட்டுக்காரர் மூன்றாவது விலைக்கு வாங்கியதை விளையாடுவார். இரண்டாவது விலைக்கு வாங்கியதை அலுமாரியில் வைத்துப் பார்ப்பார். ஒரிஜினல் சிடியைச் சுற்றியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக்கைக் கிழித்தால் அதன் மதிப்புப் போய்விடுமாம். சமைத்த சோற்றை மூடி வைத்துவிட்டுக் கடையில் பார்சல் வாங்கிச் சாப்பிடுகிற வேலை இது என்று நான் சொல்லியிருக்கிறேன். அதற்கு அவர் சிரிப்பார்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் கணக்காளராக மாற்றலாகிக் கண்டிக்கு வந்தவர். நான் இந்தியாவிலிருந்து வந்து டவுனில் கடை போட்ட பரம்பரையில் பிறந்தவள், புடவைக்கடை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்கும் தாய்மொழி தமிழ்தான் என்றாலும், அவர் என்னை "நீர்" என்று கூப்பிடுவது எனக்குப் பழகக் கொஞ்சக் காலம் பிடித்தது. "நீர் சாப்பிட்டீரோ" என்று அவர் கேட்டால், கூத்தில் ராஜா வேஷம் கட்டியவர் மந்திரியைக் கேட்கிற மாதிரி இருக்கும். நான் "என்னங்க" என்றால் அவருடைய சொந்தக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். மற்றபடி நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம். எங்கள் சண்டையெல்லாம் பெட்டியைப் பற்றித்தான்.

பெட்டி விஷயத்தில் எனக்கு ஒரு கொள்கை இருந்தது. அது அப்பாவிடமிருந்து வந்தது. எண்பத்து மூன்று கலவரத்தில் அப்பாவின் கடை எரிந்தது. நாங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு சிங்களவர் வீட்டு மேல்மாடியில் ஒளிந்திருந்தோம். நான் பள்ளிக்கூடப் பிள்ளை. ஜன்னல் வழியாகப் புகைதான் தெரிந்தது, எந்தக் கடைப் புகை என்று தெரியவில்லை. அப்பாவுக்கு மட்டும் தெரிந்தது. அதற்குப் பிறகு வேறொரு கடை வைத்தார், பிழைத்தோம், ஆனால் இரண்டு கையால் தூக்கிக்கொண்டு ஓட முடியாத எந்தச் சாமானையும் அவர் வீட்டுக்குள் விடவில்லை. ஃபிரிட்ஜ் கிடையாது. கட்டில் கிடையாது. கடைசி வரைக்கும் பாயில் படுத்தார். "ஓடும்போது இத யாரு தூக்குறது?" என்று கேட்பார்.

அதனால்தான் கல்யாணம் முடிந்ததும் எனக்கு வாஷிங் மெஷின் ஒன்று வேண்டும் என்று பட்டது. துணி துவைக்கச் சோம்பல் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் தூக்கிக்கொண்டு ஓடவே முடியாத கனமான சாமான் ஒன்று என் வீட்டு மூலையில் நிற்க வேண்டும் என்ற ஆசைதான் பெரிது. இனி ஓடுவதாக இல்லை என்று அப்பாவுக்கும் ஊருக்கும் அது சொல்லும் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரரின் போனஸ் காசை அதற்கென்று எடுத்து வைத்தோம்.

அந்தக் காசில்தான் பச்சைப் பெட்டி வந்தது.

லண்டனிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் காசு வரும். அதுதான் உலக வழக்கம். இங்கேயிருந்து லண்டனுக்குக் காசு அனுப்பிய ஒரே யாழ்ப்பாணத்தான் என் வீட்டுக்காரராகத்தான் இருக்கும். லண்டனில் இருக்கும் தன் தம்பியின் சினேகிதன் ஒருவன் லீவில் வந்திருந்தபோது அவனிடம் ரூபாயைக் கொடுத்துவிட்டு, அங்கே தம்பியைக் கொண்டு பெட்டியை வாங்கி, கப்பலில் வரும் கார்கோவில் போட வைத்தார். சொக்லேட், துவாய், சவர்க்காரம் எல்லாவற்றுக்கும் நடுவே அது வந்து இறங்கியது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். கோயிலுக்குப் போகும்போதுகூட அவர் அப்படிக் கழுவி நான் பார்த்ததில்லை.

வெளிப் பெட்டி தகரம். ஆமிப் பச்சை நிறம். ராணுவத்தில் தோட்டா வைக்கிற பெட்டியை அப்படியே பார்த்துச் செய்திருந்தார்கள், பக்கத்தில் கொளுக்கி, மேலே கைபிடி. உள்ளே துப்பாக்கி பிடித்த ஒற்றைக்கண் சிப்பாய்ப் பொம்மை ஒன்று. கழுத்தில் மாட்டுகிற இரும்புத் தகடு ஒன்று, அதில் ஏதோ இலக்கம் வெட்டியிருந்தது. தடிமனான படப் புத்தகம். துணி வரைபடம். எல்லாவற்றுக்கும் அடியில் அந்தச் சிடி.

"என்னங்க இது?" என்றேன்.

"சண்டைக் கேம் ஒண்டு. உலகத்திலயே கொஞ்சம்தான் அடிச்சவங்கள்."

"நாட்டுல நடக்குற சண்ட பத்தலையா? எவ்வளவு குடுத்தீங்க?"

"சாதாரணத்தை விடக் கொஞ்சம் கூட. கொஞ்சந்தான்."

"மெஷின் காசுல எவ்வளவு மிச்சம்?"

"இருக்கு" என்றார். எவ்வளவு என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வாஷிங் மெஷின் என்ற வார்த்தை உரத்த குரலில் அடிக்கடி ஒலித்தது. நான் பின்வாசல் கல்லில் துணியை அடிக்கும்போதெல்லாம் ஒவ்வொரு அடிக்கும் அவர் பெயர் சொல்லித்தான் அடித்தேன். எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் ஓய்வு பெற்ற ரயில்வே கார்ட் ஒருவர் இருந்தார். சிங்களவர், தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. சிங்கள மரியாதைப்படி நாங்கள் கார்ட் மாத்தையா என்போம். சண்டை நடக்கும் நேரங்களில் தவறாமல் அவர் தன் குரோட்டன் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வருவார்.

வன்னியில் யுத்தம் உச்சத்துக்குப் போன காலம் அது. டவுனில் எங்காவது குண்டு வெடித்தது என்று செய்தி வந்தால் மறுநாள் எங்கள் பக்கம் சுற்றிவளைப்பு நடக்கும். பொலிஸ் பதிவு, அடையாள அட்டை, ஊரிலிருந்து யார் வந்து தங்கினார்கள் என்ற கேள்வி எல்லாம் பழகிப்போயிருந்தது. வடக்கில் பிறந்தவர் என்று அட்டையில் இருந்தால் கேள்வி கொஞ்சம் நீளும். அவர் வேலைக்குப் போய் வரும் பஸ் தாமதித்தால் நான் கேட்டுக்கு வந்து நின்றுவிடுவேன். தெரிந்த குடும்பம் ஒன்றில் விசாரணைக்கென்று கூட்டிப்போன ஆளைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. இதையெல்லாம் நாங்கள் வீட்டுக்குள்ளும் சத்தமாகப் பேசுவதில்லை.

ஒரு நாள் பக்கத்து வட்டாரத்தில் வீடு வீடாகச் சோதனை நடப்பதாகக் கடையில் சொன்னார்கள். நான் வீட்டுக்கு வந்ததும் முதலில் பார்த்தது அலுமாரி மேலிருந்த பச்சைப் பெட்டியைத்தான்.

"அந்தச் சனியன முதல்ல தூக்கி எறியுங்க" என்றேன். "பார்க்கிறவனுக்கு அது என்னன்னு தோணும்?"

"எறியிறதோ? உமக்கு விசரோ? நான் ஒரு இடம் பண்ணுறன். நீர் பயப்பிடாதேயும்."

யாரிடமாவது கொடுத்து வைப்பார் என்று நினைத்தேன். அடுத்த நாள் நான் வேலைக்குப் போனபிறகு அவர் லீவு போட்டுவிட்டு வீட்டில் நின்றிருக்கிறார். பெட்டியை உரப் பையால் சுற்றி, வாய்ப்பக்கத்தை மெழுகுதிரியால் உருக்கி ஒட்டி, பின்வளவில் பலா மரத்தடியில் குழி வெட்டித் தாட்டிருக்கிறார். மேலே மண்ணை மிதித்து, காய்ந்த இலையைப் பரப்பி, அடையாளத்துக்கு ஒரு செங்கல்லும் வைத்தார்.

ஆமி வரப்போகிறது என்றால் பெறுமதியான சாமானை வளவில் தாட்டுவிட்டுத்தான் யாழ்ப்பாணத்தில் ஆட்கள் வெளிக்கிடுவார்கள். நகை, காணி உறுதி, வெண்கலப் பாத்திரம் எல்லாம் அப்படித்தான் மண்ணுக்குள் போயின. அங்கே அது புத்தியுள்ளவன் செய்கிற வேலை. அதே வேலையைக் குண்டசாலையில், பட்டப்பகலில், கார்ட் மாத்தையா குரோட்டனுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது செய்தால் என்ன ஆகும் என்பது என் வீட்டுக்காரருக்குத் தோன்றவேயில்லை. மதிலுக்கு மேலால் தெரிந்த தலைக்கு அவர் ஒரு கும்பிடும் போட்டிருக்கிறார்.

மறுநாள் காலை பொலிஸ் ஜீப் வந்தது. நேராகப் பலா மரத்தடிக்குப் போனார்கள். எங்களைக் கேட் ஓரம் நிறுத்தி வைத்தார்கள். செங்கல் அடையாளம் அவர்களுக்கு மிகவும் உதவியாக இருந்தது. உரப்பையைக் கிழித்ததும் ஆமிப் பச்சைத் தகரம் தெரிந்தது. எல்லாரும் பின்வாங்கினார்கள். யாரோ ஃபோன் பண்ணி ஆமியிலிருந்து ஒருவர் வந்தார். கைபிடியில் நீளக் கயிறு கட்டி, எங்கள் துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் குந்தியிருந்து இழுத்தார். பெட்டி குழியிலிருந்து ஏறி, ஒரு வேரில் தட்டி, வாய் திறந்தது. ஒற்றைக்கண் சிப்பாய் உருண்டு வந்து துப்பாக்கியைப் பொலிஸின் பக்கம் நீட்டியபடி நின்றான். இரண்டு கொன்ஸ்டபிள்கள் தரையில் படுத்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, சந்தைக்குப் போகிறவர் மாதிரி, "போட்டு வாறன்" என்று அவர்கள் ஊர் வழக்கில் விடைபெற்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் கார்ட் மாத்தையா பனியனோடு நின்றார். கிராமப் பாதுகாப்புக் குழுவில் அவரும் ஒரு ஆள், அவர்தான் தகவல் சொன்னவர். என்னைப் பார்த்ததும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "நான் சட்டை போட்டுக்கொண்டு வருகிறேன் நோனா, த்ரீவீலர் ஒன்றைப் பிடியுங்கள்" என்று சிங்களத்தில் சொன்னார். நோனா என்றால் அம்மணி. மாட்டிவிட்டவரும் நானும் ஒரே த்ரீவீலரில் பொலிஸுக்குப் போனோம். வாடகையை அவர்தான் கொடுத்தார்.

ஸ்டேஷனில் நடந்த பேச்சு முழுவதும் சிங்களத்தில். நான் தமிழில் சொல்கிறேன். இன்ஸ்பெக்டர் அமைதியான மனிதர், மேசை மேல் எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் ஒரு கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் ஒற்றைக்கண் சிப்பாய் நின்றான். இன்ஸ்பெக்டர் முதலில் துணி வரைபடத்தை விரித்தார்.

"இது எந்த நாடு?"

"இப்படி ஒரு நாடு இல்லை, சேர்."

"இல்லாத நாட்டுக்கு எதற்கு வரைபடம்?"

தனிநாடு கேட்டு யுத்தம் நடந்த அந்தக் காலத்தில், அந்தக் கேள்வியை, ஒரு பொலிஸ்காரர் ஒரு யாழ்ப்பாணத்தானிடம் கேட்டால் என்ன அர்த்தம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. மூலையில் நின்ற சார்ஜன்ட் தொப்பியைச் சரி செய்தார். இவர் மட்டும் கேள்வியின் கனம் தெரியாமல், மலை எங்கே, கோட்டை எங்கே, எதிரி எந்தப் பக்கமாக வருவான் என்று விரலால் தொட்டு விளக்கத் தொடங்கினார். மேசைக்குக் கீழே அவர் காலை மிதிக்கப் பார்த்தேன், எட்டவில்லை.

"எதற்காகப் புதைத்தாய்?"

"நீங்கள் சோதனைக்கு வருவீர்கள் என்று, சேர்."

"குற்றமில்லாத சாமானை ஏன் புதைக்க வேண்டும்?"

அவர் வரைபடத்திலிருந்து விரலை எடுத்தார். பிறகு தன் திணைக்களச் சிங்களத்தில் தட்டித் தடவிச் சொன்னார். "எங்கள் ஊரில் பெறுமதியான சாமானைப் புதைத்துவிட்டுத்தான் ஓடுவோம் சேர். சின்ன வயதில் எனக்குக் கப்பலில் வேலை செய்த மாமா ஒரு கேம் கொண்டு வந்து தந்தார். உள்ளங்கையளவு. பட்டன் அமத்தி விளையாடுவது. பெட்டி, உறை, புத்தகம் எல்லாம் வைத்திருந்தேன். ஆமி வருகிறது என்றதும் பெட்டியோடு முருங்கையடியில் புதைத்தேன்."

"பிறகு எடுத்தாயா?"

"இல்லை சேர். அந்த இடம் இப்போது பாதுகாப்பு வலயம். விட மாட்டார்கள். அங்கேதான் இருக்கும்."

இந்தக் கதை எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இத்தனை வருஷம் ஒரு வீட்டில் இருந்து, ஒரு வெற்று அட்டைப் பெட்டியைக்கூட எறிய விடாத மனிதரிடம் ஏன் என்று நான் கேட்டதில்லை, கத்தியிருக்கிறேன். அப்பா ஒன்றும் சேர்க்கக் கூடாது என்று நெருப்பிடம் படித்தார். இவர் எதையும் பெட்டியோடு காப்பாற்ற வேண்டும் என்று மண்ணிடம் படித்திருக்கிறார். இன்ஸ்பெக்டரின் முகமும் இளகியிருந்தது.

அப்போது சார்ஜன்ட், "அப்படியென்றால் புதைத்த அனுபவம் முந்தியே இருக்கிறது, சேர்" என்றார். இளகிய முகம் திரும்ப இறுகியது.

இன்ஸ்பெக்டர் சிடியைக் கையில் எடுத்தார். "இதுதான் கேமா? பிளாஸ்டிக் கிழிக்கவில்லையே. விளையாடினாயா?"

"இல்லை சேர். கிழித்தால் மதிப்புப் போய்விடும்."

"அப்படியென்றால் எதை விளையாடுகிறாய்?"

"டவுனில் வாங்கிய கொப்பி, சேர். நூறு ரூபாய்."

இன்ஸ்பெக்டர் சிடியை மெதுவாகக் கீழே வைத்தார். "நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற கேமை, விளையாடவும் செய்யாமல், இந்தத் தகரத்துக்கும் பொம்மைக்கும் துணிக்கும் காசு கொடுத்து ஒரு கணக்காளர் லண்டனிலிருந்து எடுப்பித்தார். இதை நான் நம்ப வேண்டும். புத்தியுள்ள ஒரு மனிதன் இதைச் செய்வானா? எவ்வளவு கொடுத்தாய்?"

உண்மையைச் சொன்னால்தான் தப்பலாம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தொகையைச் சொன்னார்.

அந்தத் தொகையை நானும் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன். அது வாஷிங் மெஷினின் முழுத்தொகை. மிச்சம் என்று ஒன்றே இல்லை. துணி காயப் போட ஒரு கொடிக்கயிறு வாங்கக்கூட இல்லை.

அதற்குப் பிறகு நான் எங்கே இருக்கிறேன் என்பது எனக்கு மறந்துபோனது. பொலிஸ் மறந்தது, யுத்தம் மறந்தது. எழுந்து நின்று தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறித் திட்டினேன். "கொஞ்சம் கூடன்னு சொன்னீங்களே, இதாங்க உங்க ஊருல கொஞ்சமா? என் கையப் பாருங்க, தோல் உரிஞ்சு கெடக்கு. போர்வை துவைக்கிறவ நானு, பொம்மை பார்க்கிறவரு நீங்களா? அந்த ஒத்தக்கண்ணன் வந்து துவைப்பானா?" என்று பொம்மையைத் தூக்கி அவர் மூக்குக்கு நேராக ஆட்டினேன். அது விசாரணைச் சாமான், தொடக்கூடாது என்று சார்ஜன்ட் சொன்னார். அவரையும் திட்டினேன். இந்த மனிதரைக் கட்டியதிலிருந்து நான் வாய்விட்டுக் கேட்டது ஒரே ஒரு வாஷிங் மெஷின்தான் என்று இன்ஸ்பெக்டரிடம் சிங்களத்தில் முறையிட்டேன். அழுதுகொண்டே திட்டினேன். கோபமும் பயமும் எது எதுவென்று எனக்கே பிரித்தறிய முடியவில்லை.

என் வீட்டுக்காரர் அது வரைக்கும் பொலிஸுக்குப் பயந்ததாகத் தெரியவில்லை. இப்போது கதிரையோடு பின்னால் நகர்ந்தார்.

நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, வாசலில் நின்ற கார்ட் மாத்தையா தொண்டையைச் செருமினார். "சேர், நான்தான் தகவல் கொடுத்தேன். எனக்குத் தமிழ் தெரியாது. ஆனால் இந்தச் சண்டை எனக்குத் தெரியும். பெட்டி வந்த நாளிலிருந்து மதிலுக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாஷிங் மெஷின், வாஷிங் மெஷின் என்றுதான் இந்த நோனா சொல்வார். குழிக்குள் இருந்தது இந்தப் பெட்டிதான் என்று தெரிந்திருந்தால் உங்களுக்குச் சிரமம் தந்திருக்க மாட்டேன்."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பொம்மையைப் பார்த்தார். "இப்படி ஒருவன் இருப்பான் என்று நான் நம்பவில்லை" என்றார். "ஆனால் இப்படி ஒரு மனைவியை யாரும் சொல்லிக்கொடுத்துத் தயாரிக்க முடியாது. போதும் நோனா, உட்காருங்கள். மிச்சத்தை வீட்டில் பேசுங்கள்."

சாயந்திரமே விட்டார்கள். சிடியில் சந்தேகப்படும்படி ஒன்றும் இல்லை என்று போட்டுப் பார்த்துவிட்டு அதை மட்டும் திருப்பித் தந்தார்கள். போட்டுப் பார்க்கப் பிளாஸ்டிக்கைக் கிழித்திருந்தார்கள். தகரம், பொம்மை, தகடு, புத்தகம், வரைபடம் எல்லாம் மேலதிக விசாரணைக்கென்று நின்றுவிட்டன. அதாவது, இரண்டாவது விலை கொடுத்து வாங்கியது, ஒரே நாளில் முதலாவது விலைச் சாமானாகிக் கையில் கிடைத்தது. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர் சிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இனி இது முழுச் செற் இல்லை" என்றார். நான் அவர் கையை இறுக்கிப் பிடித்திருந்தேன். வீடு வரும் வரைக்கும் விடவில்லை, திட்டவும் இல்லை. அவருக்கு அது மிகவும் பயமாக இருந்தது என்று பிறகு சொன்னார்.

யுத்தம் முடிந்தது. பல்லேகலயில் கிரிக்கெட் மைதானம் வந்து, மேட்ச் நாட்களில் எங்களுக்குப் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லாமல் போன ஒரு காலத்தில், ஸ்டேஷனிலிருந்து ஃபோன் வந்தது. சாமான் அறையைத் துப்புரவு பண்ணுகிறார்களாம், வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எல்லாம் குறைவில்லாமல் இருந்தது. ஒற்றைக்கண் சிப்பாயின் கழுத்தில் ஒரு அட்டையைக் கட்டி, முடிச்சில் சிவப்பு அரக்கு வைத்து முத்திரை குத்தியிருந்தார்கள். பலா மரத்தடியில் கண்டெடுத்த சந்தேகத்துக்கிடமான உருவம் என்று சிங்களத்தில் எழுதியிருந்தது. நான் கத்தரிக்கோலை எடுத்தேன். அவர் பதறிப்போய்த் தடுத்தார்.

"வெட்டாதேயும். இப்பிடி அட்டை கட்டினது உலகத்தில இது ஒண்டுதான். இதுதான் உண்மையான லிமிட்டட் எடிஷன்."

சும்மா இருந்தாரா? படம் எடுத்து, சேகரிப்பவர்கள் கூடும் ஏதோ இணையத்தளத்தில் போட்டார். கொஞ்ச நாளில் கொழும்பிலிருந்து ஒருவர் விலை கேட்டார். அந்த அட்டைக்கும் அரக்குக்கும்தான் விலை என்று வெளிப்படையாகவே சொன்னார். இரண்டு வாஷிங் மெஷின் வாங்கலாம், ஒன்றை வீட்டுக்கும் ஒன்றைக் கார்ட் மாத்தையாவுக்கும் கொடுக்கலாம். என் வீட்டுக்காரர் நான் துணி மடித்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து நின்றார். அதற்குள் எங்கள் வீட்டு மூலையில் ஒரு மெஷின் வந்திருந்தது, நான்கு பேர் சேர்ந்து இறக்கினார்கள், நான் வாசலில் நின்று அந்தக் கனத்தை ரசித்துப் பார்த்தேன்.

"நீர் சொல்லுறதுதான்" என்றார். "குடுப்பமெண்டால் குடுப்பம். உம்மட காசுதானே."

நான் அலுமாரி மேலே பார்த்தேன். ஒற்றைக்கண்ணன் கழுத்தில் அட்டையோடு நின்றான். அந்த வருஷங்களில் ஆள் போய்ச் சாமான் மட்டும் திரும்பிய வீடுகள் எனக்குத் தெரியும். ஆளும் சாமானும் போனது போனதுதான் என்று இருக்கிற வீடுகளும் தெரியும். எங்கள் ஆள் எங்கே என்று அந்த வீட்டுப் பெண்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். என் வீட்டுக்கு அன்று சாயந்திரமே ஆள் வந்தார். பின்னால் சாமானும் வந்தது. அந்த அரக்கு முத்திரையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பஸ் நிறுத்தத்தில் நான் பிடித்திருந்த கைதான் நினைவுக்கு வருகிறது.

"விக்கிறதில்லன்னு சொல்லிடுங்க" என்றேன்.

அவர் முகம் விரிந்தது. "அப்ப, கூடக் குடுத்த காசுக்குப் பெறுமதி எண்டு ஒத்துக்கொள்ளுறீரோ?"

"ஒத்துக்க மாட்டேன். அது தண்டம்தான். போய் மெஷின்ல இருக்கிற துணிய எடுத்துக் காயப் போடுங்க, நேரமாச்சு."

"ஓம், வாறன்" என்று சொல்லிவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்வாசலுக்குப் போனார்.